முதல் ஏர் ரைபிள் வாங்குமுன்: கொங்குப் பக்கத்துப் புதியவர்களுக்கு

"ஏனுங்க, 9 எம்எம் கார்பைன் ஒண்ணு வாங்கோணும். எது நம்பி வாங்கறாப்பல இருக்கும், சொல்லுங்க" என்று பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அத்தை மகன் ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போய்ச் சுடும் வீடியோவை அனுப்பியிருக்கிறார். பார்த்ததிலிருந்து தம்பிக்கு அதே நினைப்பு.

கைத்துப்பாக்கித் தோட்டாவை நீளக் குழல் உள்ள துப்பாக்கியில் போட்டுத் தோளில் வைத்துச் சுடுவதுதான் அந்தக் கார்பைன். தோட்டா மலிவு, உதைப்பு குறைவு, குறி எளிது. அதனால் அந்த ஊரில் பொழுதுபோக்குக்குச் சுடுபவர்களுக்கு அது பிடித்துப்போயிருக்கிறது. நம் நாட்டில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட துளையளவு. பொழுதுபோக்குக்கென்று அதை வாங்க வழி கிடையாது. "அப்ப நமக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார். இருக்கிறது தம்பி, அதைவிடப் பெரிய விளையாட்டே இருக்கிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனதும் அதே ரைபிளோடுதான். பெருந்துறைத் தம்பியிடம் போனில் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாகச் சுடுகிறேன். நல்ல துப்பாக்கி எது என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான்: குறி தவறினால் தவறு என்னுடையதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். அந்த நிச்சயத்தைத் தராத துப்பாக்கியில் எத்தனை வருடம் சுட்டாலும் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் வாங்காதீர்கள்

மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன, சில பள்ளி கல்லூரிகளிலும் ரேஞ்ச் இருக்கிறது. சேரப்போகும் கிளப் மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் போக அது வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, உங்களுக்கோ பிள்ளைக்கோ இது உண்மையாகவே பிடிக்கிறதா என்பது. அசையாமல் நின்று ஒரு கரும்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு இது. சில பிள்ளைகளுக்கு அந்த அமைதி தேன் மாதிரி, சிலருக்கு அரை மணி நேரமே தாங்காது. அது குறையில்லை, கபடிக்குப் போகட்டும். இரண்டாவது, உங்கள் கண் எது என்பது.

கண் என்றால் பலருக்குப் புரிவதில்லை. வலது கைக்காரர் எல்லோருக்கும் வலது கண் ஆளும் கண்ணாக இருக்காது. இப்போதே சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் சின்ன முக்கோணம் விடுங்கள். அதன் வழியாகத் தூரத்துத் தென்னையின் குருத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது தென்னை காணாமல் போகிறதோ, அதுதான் ஆளும் கண். கையும் கண்ணும் ஒரே பக்கமாக அமைந்தால் நல்லது. மாறியிருந்தால் கோச்சிடம் பேசி முடிவெடுத்த பிறகே வாங்கப் போங்கள். தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக், இடது கைக்கு வேறு, வலது கைக்கு வேறு என்று தனித்தனியாக வரும் சாமான் இது.

சட்டத்தில் நமக்குள்ள எல்லை

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளையளவு 4.5 எம்எம்முக்கு மேற்படாமலும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 எம்எம் கன் ஒன்றைக் காட்டி "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் நிற்காதீர்கள். 10 மீட்டர் போட்டி ரைபிளின் ஆற்றல் 8 ஜூல் அளவில்தான் இருக்கும், ஆக நமக்கு எல்லைக்குள்ளேயே இடம் தாராளம்.

ஆதார், முகவரிச் சான்று கொடுத்து, பில் போட்டு வாங்குங்கள். பிள்ளைக்கென்றால் பெற்றோர் பெயரில் வாங்குங்கள். பில்லின் நகல் ஒன்று எப்போதும் கன் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஏர் கன் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் மயிலுக்காகவே வருகிறார்கள். பல்லடத்திலும் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் விதைத்த மறுநாளே மயில் கூட்டம் இறங்கிக் கிளறிவிட்டுப் போகிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், எங்கள் அப்புச்சி தோட்டத்திலும் அதே கதைதான். ஆனாலும் மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. சுட்டால் சிறைதான். அதோடு 8 ஜூல் குண்டு மயிலைக் கொல்வதைவிட ஊனமாக்குவதற்கே வாய்ப்பு அதிகம், அது வேலியோரம் கிடந்து துடிக்கும். அந்த எண்ணத்தோடு வருபவர்களுக்கு நான் கன் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை.

ஸ்பிரிங்கா, காற்றுச் சிலிண்டரா

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். குழலை மடக்கி ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை ஏற்றுவது ஒன்று. 200 பார் அழுத்தத்தில் காற்றடைத்த சிலிண்டர் வைத்தது இன்னொன்று, அதைப் பிசிபி என்பார்கள்.

ஸ்பிரிங் கன் விலை ஆயிரங்களில் முடிந்துவிடும், பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஆனால் ட்ரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து கன்னை முன்னும் பின்னும் உலுக்கும், அதற்குப் பிறகுதான் குண்டு குழலை விட்டுப் போகும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு இடம் மாறிவிடும். ஓபன் சைட் (வளையமில்லாத சாதாரணக் குறிகாட்டி) போட்டிக்குப் பழக, ஆசை நிலைக்கிறதா என்று பார்க்க இது போதும். போட்டியே குறி என்றால் ஆறு மாதத்தில் பிசிபிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஸ்பிரிங் கன்னைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது மடங்குமிடத்தை. குழலை மூடிவிட்டு, ஒரு கையால் ஸ்டாக்கையும் மறு கையால் குழல் முனையையும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். கதவுக் கீல் ஆடுவதுபோல் மயிரளவு ஆட்டம் தெரிந்தாலும் வேண்டாம். பின்பக்கத்து சைட் கன் உடம்பில் இருக்கிறது, குழலோ ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் போய் நிற்கிறது என்றால் எதை நம்பிக் குறி வைப்பது?

குண்டு போடாமல் ஸ்பிரிங் கன்னைச் சுடவே கூடாது. பிஸ்டனுக்கு முன்னால் மெத்தைபோல் தடுக்கும் காற்று இல்லாமல் போய், அது சுவரில் மோதுவதுபோல் மோதும். எண்ணெய் விஷயத்திலும் கவனம். பூட்டுக்குப் போடுவதுபோல் தேங்காய் எண்ணெய் விட்ட கன் என்னிடம் வந்திருக்கிறது. சுட்டதும் புகை, "டப்" என்று வெடிச்சத்தம், குண்டு எங்கேயோ. காற்று அழுந்திச் சூடானதில் எண்ணெய் பற்றிக்கொண்டு, காற்று கசியாமல் தடுக்கும் சீலைத் தின்றிருந்தது.

பிசிபி பக்கம் வந்தால் உள்நாட்டில் பிரிசிஹோல் போன்றவர்கள் செய்கிறார்கள். வெளிநாட்டில் வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் ஆகியவை பேர் பெற்ற போட்டி ரைபிள்கள், விலை லட்சங்களில். புதிதாக வருபவருக்கு உடனே ஜெர்மன் ரைபிள் தேவையில்லை என்பது என் கருத்து. கோவையிலோ சென்னையிலோ ஓ-ரிங் மாற்றவும் சீல் மாற்றவும் ஆள் கிடைக்கிற மாடல் எதுவோ, அதுவே உங்களுக்கு நல்ல மாடல். உதிரிக்காக இரண்டு மாதம் காத்திருக்கும் பிள்ளை அந்த இரண்டு மாதமும் சுடுவதில்லை.

பட்டறை ஊர்க்காரர்களுக்குத் தனியாக

கணபதியிலும் பீளமேட்டிலும் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. அதனால் நமக்கு மட்டும் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, "ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கனமாப் போட்டுத் தரட்டுமா மாமா?" என்று கேட்கும் கைகாரத் தம்பிகள். வேண்டாம். ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினால் சட்டத்தையும் தாண்டிவிட்டீர்கள். தாண்டாவிட்டாலும் உலுக்கல் கூடி, குறி கெடும். 10 மீட்டரில் அட்டையைத் துளைக்க வேகம் எதற்கு? போட்டி ரைபிளில் குண்டு வினாடிக்கு 170, 180 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஒலிம்பிக் தங்கம் அந்த வேகத்தில்தான் வந்தது.

மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. பட்டறையில் நிற்கும் வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ரைபிள் சிலிண்டருக்குக் காற்றடிக்கலாமே என்று ஒரு தடவை எங்கள் பட்டறைப் பையனே கேட்டான். நல்லவேளை, செய்யாமல் கேட்டான். ஒருக்காலும் கூடாது. உள்ளே இருக்கும் கிரீசும் எண்ணெயும் உயர் அழுத்த ஆக்ஸிஜன் பட்டதும் தானாகப் பற்றி வெடிக்கும். சிலிண்டரில் போக வேண்டியது ஈரமில்லாத சாதாரணக் காற்று மட்டும்தான். அதை டைவிங் சிலிண்டரிலிருந்தோ அதற்கான கைப்பம்பிலிருந்தோ அடைக்க வேண்டும். கைப்பம்ப் என்றால் கொஞ்சம் அடித்து, ஆறவிட்டு, மறுபடி அடியுங்கள். சூடேறினால் பம்ப் சீல் போகும், ஈரமும் உள்ளே சேரும். ஐப்பசி மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

பட்டறை உண்மையில் உதவும் இடம் வேறு: பெல்லட் டிராப், அதாவது சுட்ட குண்டைப் பிடிக்கும் பெட்டி. 3 எம்எம் இரும்புத் தகட்டைப் பின்பக்கம் சரிவாக வைத்து, குண்டு கீழே தெறித்து விழும்படி ஒரு பெட்டி. எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் அரை நாளில் அடித்துத் தருவார்கள். வீட்டு மாடியில் பழகுவதென்றால் கன் வாங்குவதற்கு முன் இது தயாராக இருக்க வேண்டும். சுவரையோ வெறும் பலகையையோ நோக்கிச் சுட்டால் குண்டு திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், சுடும் பாதையில் பக்கவாட்டுக் கதவு எதுவும் திறக்கக்கூடாது.

உடம்புக்குப் பொருந்துகிறதா

தோளில் பதியும் பின்தட்டான பட் பிளேட்டை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள், ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் இயல்பாகப் பதிய வேண்டும். எட்டி எட்டிப் பிடித்தால் ஸ்டாக் நீளம். பட் பிளேட்டும் கன்னத்தாங்கியும் தள்ளி வைக்கிற மாதிரி இருப்பது வளரும் பிள்ளைக்கு அவசியம்.

கன்னத்தாங்கியைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் சின்ன ஓட்டைக்கு நடுவில் முன் சைட்டின் வளையம் தானாக வந்து நிற்க வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் தாங்கியை மாற்றுங்கள். அதற்கு மாற்ற வழியில்லாத மாடல் என்றால் வேறு பாருங்கள்.

எடையில் போட்டி விதி 5.5 கிலோவரை அனுமதிக்கிறது. அதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் 5 கிலோவைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இடுப்பை வளைத்து எலும்பில் எடையைத் தாங்கும் விளையாட்டு இது, வளரும் முதுகுக்குச் சுமை அதிகமாகக் கூடாது. ஜூனியர் ரைபிள் அதற்குத்தான் இருக்கிறது. இல்லையென்றால் கிளப்பில் மணல் மூட்டையில் வைத்துச் சுடப் பழகட்டும்.

ட்ரிகரில் இரண்டு கட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும்: லேசான முதல் பயணம், ஒரு நிறுத்தம், அதற்குப் பிறகு உடைவது, அதாவது குண்டு கிளம்புவது. போட்டி ரைபிளில் சுமார் 100 கிராம் அழுத்தத்தில் உடையும்படி வைத்துக்கொள்வார்கள். புதியவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து குண்டுச் சோதனை

வாங்குமுன் இதைச் செய்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பழைய ரைபிள் என்றால் கட்டாயம்.

வெள்ளை அட்டை ஒன்றில் பேனாவால் சின்னப் புள்ளி. 10 மீட்டர் தூரம், மூடிய இடம். நம் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கும் காற்றில் வெளியே சோதித்தால் அரை கிராமுக்குச் சற்றே கூடிய குண்டை அது தள்ளிவிடும், கன்னைக் குறை சொல்வீர்கள். மணல் மூட்டையில் வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். ஸ்பிரிங் கன் என்றால் மூட்டைமேல் நேராக வைக்காமல், மூட்டைமேல் உள்ளங்கை, உள்ளங்கைமேல் கன். இடையில் சைட்டைத் தொடாதீர்கள். புள்ளியில் படுகிறதா என்பது இப்போது முக்கியமில்லை, ஐந்தும் சேர்ந்து படுகிறதா என்பதே கேள்வி.

நல்ல போட்டி ரைபிளில் ஐந்தும் ஒரே ஓட்டையாகிவிடும். ஒரு மிளகை வைத்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். உள்நாட்டு ஸ்பிரிங் கன்னில் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கினால் தாராளமாக வாங்கலாம்.

ஓட்டைகள் எப்படிச் சிதறுகின்றன என்பதும் பேசும். பக்கவாட்டில் பரவினால் குழல் ஆட்டம், சைட் திருகு, ஸ்டாக் திருகு ஆகியவற்றைப் பாருங்கள். நாலாபுறமும் சிதறினால் முதலில் வேறு பெல்லட் போட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கினால் காற்றழுத்தத்தில் கோளாறு.

இந்தக் கடைசியை நான் காசு கொடுத்துக் கற்றேன். இரண்டாவது வருடம் பழைய ஜெர்மன் ரைபிள் ஒன்றை வாங்கினேன். விற்றவர் "ஒரு குறையும் இல்லீங்க" என்றார், நானும் சோதிக்காமல் நம்பினேன். முதல் பத்துக் குண்டுக்குப் பத்தும் ஒன்பதுமாக மதிப்பெண் விழும். இருபதாவதில் எட்டு, முப்பதாவதில் ஏழு. மூச்சு சரியில்லை, நிற்பது சரியில்லை என்று மூன்று மாதம் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் கோச் ஐயா பழைய அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தார். எல்லா அட்டையிலும் ஓட்டைகள் எறும்பு வரிசைபோல் நேர்கோட்டில் கீழே இறங்கியிருந்தன. "மனுசன் தப்புப் பண்ணினா இத்தனை நேராப் பண்ண மாட்டான் சாமி" என்றார். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் போயிருந்தது. சிலிண்டரில் அழுத்தம் குறையக் குறையக் குண்டும் இறங்கியிருக்கிறது. பிரித்தபோது சிலிண்டரின் தேதியும் முடிந்திருந்தது தெரிந்தது.

ஆகவே பழைய பிசிபி வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பொதுவாக அதன் ஆயுள் 10 வருடம். புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். காற்றடைத்து, அளவியின் முள் நிற்கும் இடத்தைப் போட்டோ எடுத்து, மறுநாள் காலை வந்து பாருங்கள். முள் இறங்கியிருந்தால் கசிவு. அப்புறம் ஐந்து குண்டு போதாது, நாற்பது குண்டு சுட்டு முதல் ஐந்தையும் கடைசி ஐந்தையும் தனித்தனி அட்டையில் எடுங்கள்.

பெல்லட்

கன்னுக்கு லட்சம் கொடுத்துவிட்டு மலிவான பெல்லட் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட், அட்டையில் வட்டமாகச் சுத்தமாக வெட்டும். தலை அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கிறது என்று சுட்டுத்தான் தெரியும். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி என்று இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா எடுத்து ஐந்து குண்டுச் சோதனை செய்து, சேர்ந்து விழுவதையே மொத்தமாக வாங்குங்கள். கண்ணாடித் தகட்டில் பெல்லட்டை உருட்டிப் பார்த்தால் பாவாடைபோல் விரிந்த பின்பகுதி நசுங்கியது நொண்டும், அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஈயம் அது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயும் வடையும். பிள்ளைகள் பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

வாங்கி வந்த பிறகு

ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் உடனே வேண்டாம். ஆறு மாதம் கழித்து உடம்பு அளவெடுத்து வாங்கலாம். முன் சைட்டுக்கு மட்டும் பெரிய வளையமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையின் கருவட்டம் 30.5 எம்எம், அதைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். நடுவிலுள்ள பத்து அரை மில்லிமீட்டர் புள்ளிதான். அது கண்ணுக்கே தெரியாது, அதைத் தேடவும் கூடாது. வெள்ளை சுற்றிலும் சமமாக இருந்தால் பத்து அங்கேதான் இருக்கும். சின்ன வளையம் போட்டால் கண் களைத்து, குறியிலேயே நெடுநேரம் தங்கிவிடுவீர்கள்.

பஸ்ஸிலோ பைக்கிலோ எடுத்துப் போகும்போது குண்டில்லாமல், குழலில் பாதுகாப்புக் கொடி செருகி, பெட்டியில் பூட்டி எடுத்துப் போங்கள். கிளப் அடையாள அட்டை பையில் இருக்கட்டும். வீட்டில் கன் ஓரிடம், பெல்லட் வேறிடம், சாவி உங்களிடம். விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டும் பொருளாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

புதுக் கன் வந்த அன்று மாலை, குறி எதுவும் வரையாத வெற்று அட்டையில் பத்துக் குண்டு சுடுங்கள். தேதி, பெல்லட் டப்பாவின் லாட் எண், சிலிண்டர் அழுத்தம் மூன்றையும் ஓரத்தில் எழுதி, பில் நகலோடு கன் பெட்டியில் வையுங்கள். ஸ்கோர் காரணமில்லாமல் இறங்குகிறது என்று தோன்றும் நாளில் அதே பெல்லட்டில் இன்னொரு அட்டை சுட்டு, அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருந்துறைத் தம்பி போன வாரம் கிளப்பில் சேர்ந்துவிட்டார். அவருக்கு இடது கண்தான் ஆளும் கண்.